தீர்ப்பு விதியான கதை

ஆங்கில நாளேடுகளை வாசிப்போருக்கு 'டூம்' என்னும் சொல் புதியதன்று. மூழ்கப்போகும் கப்பலையும், தோற்கப்போகும் படையையும், முடிவை நெருங்கிவிட்ட ஆட்சியையும் அச்சொல்லால் குறிப்பர். அகராதியைத் திறந்தால், கொடிய முடிவு, தப்பவியலாத அழிவு, கேடான விதி என்று பொருள் காண்கிறோம். 1993இல் வெளிவந்த ஒரு கணினி விளையாட்டின் பெயராகவும் அது நம் இளைஞர்களுக்கு அறிமுகமாகியிருக்கலாம். எவ்வாறு நோக்கினும் இருளும் அச்சமும் சூழ்ந்த சொல் அது.

ஆனால் ஏறத்தாழ ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஓர் ஆங்கிலேய உழவனின் காதில் இச்சொல் விழுந்திருந்தால், அவன் அஞ்சி நடுங்கியிருக்க வேண்டியதில்லை. 'டோம்' என்று அன்று ஒலிக்கப்பட்ட அச்சொல்லுக்குச் சட்டம் என்பதும் தீர்ப்பு என்பதுமே பொருள். வழக்குற்றவன் தேடிச் சென்ற சொல் அது. தன் நிலத்தை இழந்தவன் எதிர்பார்த்துக் காத்திருந்த சொல் அது. நீதியைக் குறித்த சொல் எவ்வாறு அழிவைக் குறிக்கலாயிற்று? இது மொழியறிஞர்களுக்கு மட்டும் உரிய கேள்வியன்று. வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் தீர்ப்பு வழங்க ஆண்டவர் மீண்டும் வருவார் என்று ஞாயிறுதோறும் அறிக்கையிடும் நமக்கும் உரிய கேள்வியாகும். ஏனெனில், அச்சொல்லுக்கு நேர்ந்த கதி நம் உள்ளத்தில் இறுதித் தீர்ப்பு என்னும் விசுவாச உண்மைக்கும் நேர்ந்துவிடக் கூடும்.

வைக்கப்பட்டது எதுவோ அதுவே சட்டம்

'டோம்' என்னும் பழஞ்சொல்லின் வேர், 'வைத்தல்', 'நிலைநிறுத்தல்' என்னும் பொருளுடையது. மக்களிடையே அசையாதபடி நாட்டி வைக்கப்பட்ட நெறியே சட்டம் என்பது பழையோர் கருத்து. வரப்பில் நட்ட எல்லைக்கல்லை நினைத்துக்கொண்டால் இக்கருத்து எளிதில் விளங்கும். இதே வேரிலிருந்து கிளைத்ததே கிரேக்க மொழியில் நீதி நெறியைக் குறிக்கும் 'தெமிஸ்' என்னும் சொல். 'கருதுதல்', 'முடிவு செய்தல்' என்னும் பொருளில் ஆங்கிலத்தில் இன்றும் வழங்கும் 'டீம்' என்னும் வினைச்சொல் 'டூம்' என்பதற்கு உடன்பிறப்பு. ஐரியக் கடலிலுள்ள மேன் தீவில் நீதிபதிகளுக்கு இன்றளவும் 'டீம்ஸ்டர்' என்றே பெயர்.

இன்னும் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. 'கிங்டம்', 'ஃபிரீடம்', 'விஸ்டம்' என்று ஆட்சியையும் விடுதலையையும் ஞானத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் வாலாக நிற்கும் 'டம்' என்பதும் இந்த 'டூம்' என்பதே. மறைச்சாட்சியரின் சான்றுச் சாவைக் குறிக்கும் 'மார்ட்டர்டம்' என்ற சொல்லிலும் அதுவே உறைகிறது. இறையாட்சி வருக என்று ஆங்கிலத்தில் கர்த்தர் கற்பித்த செபத்தைச் சொல்பவர்கள், தம்மை அறியாமலே இந்தப் பழஞ்சொல்லையும் உச்சரிக்கிறார்கள். தனியே நிற்கும்போது அழிவைக் குறிக்கும் சொல், ஆட்சியோடும் விடுதலையோடும் ஞானத்தோடும் சேர்ந்து நிற்கும்போது தன் பழைய மேன்மையை இழக்கவில்லை.

திருமுழுக்குப் பெற்ற சட்டம்

இச்சொல்லின் வரலாறு திருச்சபையின் வரலாற்றோடு பிணைந்தது. திருத்தந்தை பெரிய கிரகோரியார் 596ஆம் ஆண்டில் அகுஸ்தினார் என்னும் துறவியை உரோமையிலிருந்து இங்கிலாந்துக்கு அனுப்பினார். இவர் ஹிப்போ நகரத்து மறைவல்லுநர் அல்லர். பின்னாளில் கான்டர்பரியின் முதல் பேராயரானவர். 597இல் கென்ட் நாட்டில் கரையிறங்கிய அவரது போதனையால் மன்னர் எத்தல்பெர்ட் திருமுழுக்குப் பெற்றார். அம்மன்னரின் காலத்தில் எழுதி வைக்கப்பட்ட சட்டத் தொகுப்பே ஆங்கில மொழியில் இன்று நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சட்டநூல். மூல ஏடு அழிந்துவிட்டது. எனினும் 1120களில் ரோச்செஸ்டர் பேராலயத்தில் படியெடுக்கப்பட்ட சுவடி ஒன்று அதனைக் காத்துத் தந்துள்ளது. அத்தொகுப்பின் தலைப்பிலேயே 'டோம்' என்பதன் பன்மை வடிவம் காணப்படுகிறது.

அச்சட்டங்களில் முதலாவது, இறைவனுடையதும் திருச்சபையினுடையதுமான பொருளைத் திருடியவன் பன்னிரு மடங்காகத் திருப்பித் தரவேண்டும் என்கிறது. தொடர்ந்து உடற்காயங்களுக்குரிய ஈட்டுத்தொகை வரிசையாக வருகிறது. கட்டைவிரலை வெட்டியவன் 20 ஷில்லிங் தரவேண்டும். முன்பல்லை உடைத்தவன் ஒவ்வொரு பல்லுக்கும் 6 ஷில்லிங் தரவேண்டும். இன்று படிக்கும்போது நகைப்பு எழலாம். ஆனால் பழிக்குப் பழியென்று குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வெட்டி மாண்ட காலத்தில், ஒரு பல்லுக்கு இவ்வளவுதான், அதற்குமேல் பகையில்லை என்று வரம்பு கட்டியதே பெரும் இரக்கமன்றோ? அன்றைய 'டோம்' இரத்தப் பெருக்கை நிறுத்திய அணை.

மூன்று நூற்றாண்டுகள் கழிந்தபின், 871 முதல் 899 வரை ஆண்ட ஆல்ஃபிரட் மன்னர் தமது சட்டநூலைத் தொகுத்தார். சட்டநூலுக்கு அன்று 'டோம்போக்', அதாவது தீர்ப்புநூல், என்று பெயர். அதன் தொடக்கத்தில் மன்னர் தம் ஆணைகளை வைக்கவில்லை. சீனாய் மலையில் மோசே பெற்ற பத்துக் கட்டளைகளை வைத்தார். அடுத்து விடுதலைப் பயண நூலின் சட்டங்களையும், எருசலேமில் கூடிய திருத்தூதர்கள் பிற இனத்துச் சபைகளுக்கு எழுதிய மடலையும் வைத்தார். பிறர் தமக்குச் செய்யலாகாது என்று எண்ணுவதைத் தாமும் பிறருக்குச் செய்யலாகாது என்னும் பொன்விதியை எடுத்துக்காட்டி, இந்த ஒன்றை உள்ளத்தில் இருத்துகிறவருக்கு வேறு தீர்ப்புநூல் தேவையில்லை என்றும் விளக்கினார்.

அவரது வரலாற்றை 893இல் எழுதிய அசர் என்னும் துறவி இன்னொரு செய்தியையும் பதிவு செய்துள்ளார். ஏழைகளின் வழக்குகளில் வழங்கப்பட்ட தீர்ப்புகளை மன்னர் தாமே ஆராய்வாராம். அறியாமையால் தவறாகத் தீர்ப்பளித்தவர்களை அழைத்து, படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இல்லையேல் பதவியை விட்டு விலகுங்கள் என்பாராம். நரைத்த தலையோடு எழுத்துக் கூட்டிப் படித்த நீதிபதிகளும், படிக்க இயலாமல் மகனையோ ஏவலரையோ படிக்கச் சொல்லிக் கேட்ட நீதிபதிகளும் அக்காலத்தில் இருந்தனர். தீர்ப்புச் சொல்பவனும் தீர்ப்புக்கு உட்பட்டவன் என்னும் உணர்வு அந்நாளில் அச்சொல்லோடு ஒட்டியிருந்தது.

மாற்றவியலாத ஏடு

1066இல் நார்மண்டி நாட்டு வில்லியம் இங்கிலாந்தை வென்றார். 1085ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழாக் காலத்தில் குளோஸ்டர் நகரில் அவை கூட்டி, நாடு முழுவதையும் கணக்கெடுக்க ஆணையிட்டார். எந்த நிலம் யாருடையது, முந்திய மன்னர் எட்வர்டின் காலத்தில் அதன் மதிப்பு என்ன, இன்றைய மதிப்பு என்ன, எத்தனை ஏர்கள், எத்தனை ஆலைகள் என்று அலுவலர்கள் ஊர்ஊராகச் சென்று கேட்டனர். ஓர் எருதோ பசுவோ பன்றியோகூடத் தப்பவில்லை என்று அக்கால ஆண்டேடு வெட்கத்தோடு குறை கூறுகிறது. 13,000க்கும் மேற்பட்ட ஊர்களின் விவரம் 1086இல் திரட்டப்பட்டு இலத்தீனில் எழுதப்பட்டது. அவ்வேடு இன்றும் இலண்டனையடுத்த கியூ நகரில் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளது.

அந்த ஏட்டுக்கு அரசு இட்ட பெயர் வேறு. மக்கள் இட்ட பெயர் 'டூம்ஸ்டே', அதாவது தீர்ப்பு நாள். அரச கருவூலத் தலைவராயிருந்து பின்னர் இலண்டன் ஆயரான ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களில் இதன் காரணத்தை விளக்கினார். இறுதித் தீர்ப்பிலிருந்து எவ்வாறு மேல்முறையீடு செய்ய இயலாதோ, அவ்வாறே இந்த ஏட்டின் பதிவையும் மாற்ற இயலாது என்பதால் நாட்டு மக்கள் இவ்வாறு அழைத்தனர் என்பது அவர் கூற்று. 'டோம்' என்னும் சொல்லின் வாழ்வில் ஒரு திருப்பத்தை இங்கே காண்கிறோம். மக்கள் இச்சொல்லில் இப்போது நீதியைக் காட்டிலும் மாற்றவியலாமையையே மிகுதியாக உணரத் தொடங்கினர். தம் மொழி அறியாத அலுவலர் தம் நிலத்தைத் தமக்கு விளங்காத மொழியில் எழுதிச் செல்வதைப் பார்த்து நின்ற எளியோரின் பெருமூச்சு அப்பெயரில் கேட்கிறதன்றோ?

இந்த இடத்தில் நம் தமிழை நினையாதிருக்க இயலவில்லை. நம் பாட்டனார் காலத்து ஞானோபதேச நூல்களில் 'தனித்தீர்வை', 'பொதுத்தீர்வை' என்னும் சொற்கள் இருந்தன. ஒவ்வொருவரும் இறந்தவுடன் அடையும் தீர்ப்பும், உலக முடிவில் அனைவரும் அடையும் தீர்ப்பும் அவற்றால் குறிக்கப்பட்டன. அதே 'தீர்வை' என்னும் சொல் நிலத்தீர்வை, சுங்கத்தீர்வை, ஆயத்தீர்வை என வரியையும் குறிக்கிறது. வரிக்கணக்கு ஏட்டுக்குத் தீர்ப்பு நாளின் பெயரை இட்டனர் ஆங்கிலேயர். தீர்ப்பையும் வரியையும் ஒரே சொல்லால் வழங்கினோம் நாம். ஒருவர் மீது அளந்து வைக்கப்படுவது என்னும் கருத்தே இரண்டுக்கும் பொது.

சுவரில் எழுந்த தீர்ப்பு

நார்மானியர் வெற்றிக்குப் பின் இங்கிலாந்தின் நீதிமன்றங்களில் இலத்தீனும் பிரெஞ்சும் அமர்ந்தன. தீர்ப்புக்குப் பிரெஞ்சு வழிவந்த 'ஜட்ஜ்மெண்ட்' என்னும் சொல் வழக்கில் வந்தது. நீதி இருக்கையிலிருந்து இறக்கப்பட்ட 'டூம்' என்னும் சொல் எளிய மக்களிடமும் ஆலயத்திலும் அடைக்கலம் புகுந்தது. ஆலயங்களில் இறுதித் தீர்ப்பைச் சித்திரிக்கும் ஓவியத்துக்கே 'டூம்' என்று பெயராயிற்று.

இந்த ஓவியம் பெரும்பாலும் பீடப்பகுதிக்கு முன்னுள்ள வளைவின்மேல், மக்கள் அமரும் பகுதியை நோக்கித் தீட்டப்பட்டது. நடுவே வானவில்மீது கிறிஸ்து வீற்றிருப்பார். இருபுறமும் அன்னை மரியாவும் திருமுழுக்கு யோவானும் மண்டியிட்டுப் பரிந்துரைப்பர். கீழே கல்லறைகள் திறக்கும்; இறந்தோர் எழுவர்; ஒருபுறம் விண்ணக நகரும், மறுபுறம் அகன்று திறந்த பாதாளத்தின் வாயும் காணப்படும். எழுத்தறியாத மக்களுக்கு இதுவே மறைக்கல்விப் பாடம். சாலிஸ்பரி நகரின் புனித தோமா ஆலய ஓவியத்தில் பாதாளத்துக்குச் செல்வோரிடையே ஓர் ஆயரும் இருக்கிறார். குடியரை ஏய்த்த மதுக்கடைக்காரியும் இருக்கிறாள். பட்டமும் பதவியும் அங்கே கணக்கில் வரா என்பதை மறையுரையின்றியே சுவர் உரைத்தது.

16ஆம் நூற்றாண்டின் சமயப் பிளவில் இவ்வோவியங்களுக்கு ஆபத்து வந்தது. ஆறாம் எட்வர்டின் ஆட்சியில் 1547 முதல் உருவங்களை அகற்றும் ஆணைகள் பிறந்தன. சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டது. சஃபோக் மாவட்டத்தின் வென்ஹாஸ்டன் என்னும் சிற்றூரில் மரப்பலகைகளின்மேல் தீட்டப்பட்டிருந்த தீர்ப்பு ஓவியமும் வெண்சுண்ணத்தின் கீழ் மறைந்தது. அப்படியொன்று இருந்ததையே தலைமுறைகள் மறந்தன. 1892இல் ஆலயத்தைப் பழுதுபார்த்தபோது, பயனற்ற பலகைகள் என்று அவற்றைக் கழற்றிக் கல்லறைத் தோட்டத்தில் போட்டனர். இரவில் மழை பெய்தது. சுண்ணாம்பு கரைந்து, தீர்ப்பு நாளின் காட்சி வெளிப்பட்டது. அதே ஆலயத்தில் அவ்வோவியம் இன்றும் உள்ளது. அதில் அரசரும் ஆயரும் முடியையும் தலைப்பாகையையும் தவிர வேறு ஆடையின்றிப் புனித பேதுருவின்முன் நிற்கின்றனர்.

ஆனால் அவ்வோவியத்தில் நம்மை மிகவும் சிந்திக்க வைப்பது, தீட்டப்படாமல் விடப்பட்ட பகுதியே. பலகையின் நடுவே ஒரு சிலுவையின் வடிவமும், அதன் இருபுறமும் இரு மனித வடிவங்களும் வெறுமையாக உள்ளன. பாடுபட்ட சுரூபமும் அன்னை மரியா, புனித யோவான் ஆகியோரின் சுரூபங்களும் அந்த இடங்களில் பொருத்தப்பட்டிருந்தன. ஓவியர் அவற்றைச் சுற்றியே வண்ணம் தீட்டினார். அதாவது, அவ்வூர் மக்கள் தீர்ப்பு நாளைப் பார்க்க விழியுயர்த்திய போதெல்லாம் சிலுவையைக் கடந்து பார்க்க இயலவில்லை. தீர்ப்பிடுகிறவர் யார் என்பதை முதலில் அறிந்த பின்னரே தீர்ப்பைக் கண்டனர். சுரூபங்கள் அகற்றப்பட்டன. சிலுவை நின்ற இடம் வெறுமையாயிற்று. அச்சமூட்டும் காட்சி மட்டும் எஞ்சியது. 'டூம்' என்னும் சொல்லுக்கு நேர்ந்ததும் இதுவே எனலாம்.

நீதிபதி இல்லாத தீர்ப்பு

அடுத்து வந்த மாற்றங்களைச் சுருக்கமாகக் காண்போம். 1380களில் விக்லிஃபின் பெயரால் வழங்கிய ஆங்கில விவிலியத்தில் தீர்ப்பைக் குறிக்க இப்பழஞ்சொல்லே ஆளப்பட்டது. பின்னர் வந்த மொழிபெயர்ப்புகளில் 'ஜட்ஜ்மெண்ட்' என்பதே நிலைபெற்றது. நீதிமன்றத்தையும் விவிலியத்தையும் இழந்த சொல்லுக்கு எஞ்சியது தண்டனைப் பக்கம் ஒன்றே. ஸ்காட்லாந்தின் நீதிமன்றங்களில் தண்டனையைக் குற்றவாளியின் முன் உரக்க அறிவிப்பதற்கென்று 'டூம்ஸ்டர்' என்னும் ஓர் அலுவலர் இருந்தார். அவர் வாயிலிருந்து விடுதலைச் செய்தியை எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். சேக்ஸ்பியரின் காலத்தில், அதாவது 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில், இறுதித் தீர்ப்பு என்னும் பழம்பொருளும் அழிவு என்னும் புதுப்பொருளும் அருகருகே நடமாடின. நாளடைவில் புதுப்பொருள் பழம்பொருளை விழுங்கிவிட்டது.

இதில் மறையுரையாளர்களுக்குப் பங்கில்லை என்று நாம் சொல்லிவிட முடியாது. தீர்ப்பு என்றாலே தண்டனை என்று கேட்போர் கருதும்படி நெருப்பையும் புழுவையும் மட்டுமே விரித்துரைத்த காலங்கள் உண்டு. இறந்தோருக்கான திருப்பலியில் பல நூற்றாண்டுகளாகப் பாடப்பட்ட 'தியெஸ் ஈரே' என்னும் இலத்தீன் பாடலைப் பலர் சினத்தின் பாடலாகவே நினைவில் வைத்துள்ளனர். மகதலாவுக்கும் நல்ல கள்வனுக்கும் கிடைத்த மன்னிப்பைச் சுட்டிக்காட்டி அது இரக்கம் வேண்டுவதை மறந்துவிட்டனர். 1970ஆம் ஆண்டின் திருப்பலி நூலில் அது இறந்தோர் திருப்பலியில் இடம்பெறவில்லை. உயிர்ப்பின் நம்பிக்கையை முன்னிறுத்துவதே திருச்சபையின் நோக்கமாயிருந்தது.

இன்று அச்சொல்லிலிருந்து நீதிபதியே மறைந்துவிட்டார். 1947இல் அமெரிக்க அணு அறிவியலாளரின் இதழ் ஒன்று 'டூம்ஸ்டே கடிகாரம்' என்பதை அட்டையில் வெளியிட்டது. உலகின் அழிவை நள்ளிரவாகக் கொண்டு, அதற்கு இன்னும் எவ்வளவு நேரம் உண்டு என்று அது காட்டுகிறது. முதலில் 7 நிமிடம் என்றிருந்தது. பனிப்போர் முடிந்த 1991இல் 17 நிமிடமாகப் பின்னோக்கி நகர்ந்தது. 2025 ஜனவரியில் 89 விநாடியாகக் குறைந்தது. கைப்பேசியில் கெட்ட செய்திகளை ஒன்றன்பின் ஒன்றாக உறக்கமின்றித் தள்ளித்தள்ளிப் பார்க்கும் பழக்கத்துக்கு இச்சொல்லையே சேர்த்து இட்ட பெயரும் 2020இல் பெருந்தொற்றுக் காலத்தில் பரவலாயிற்று. தீர்ப்பு நாள் என்கின்றனர், தீர்ப்பளிப்பவர் இல்லை. முடிவு உண்டு, முறையீடு இல்லை.

எனினும் அக்கடிகாரம் நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. அதன் முள் பின்னோக்கியும் நகர்ந்துள்ளது. யோனா அறிவித்த அழிவும் இத்தகையதே. நாற்பது நாளில் நினிவே அழியும் என்றார் அவர். மக்கள் மனம் மாறினர், நகர் பிழைத்தது, சொன்னவர் சினம் கொண்டு செடி நிழலில் அமர்ந்தார். இறைவாக்கினர் அறிவிக்கும் தீர்ப்பு எச்சரிக்கையாகும். மனம் திரும்பினால் மாறக்கூடியது. விதியோ எச்சரிப்பதும் இல்லை, மாறுவதும் இல்லை.

நம் நாவில் உள்ள சொல்

இனி நம் மொழிக்கு வருவோம். ஆங்கிலச் சொல்லின் வீழ்ச்சியைக் கண்டு வியக்கும் நாம் 'விதி' என்னும் சொல்லை ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த இச்சொல்லின் உள்ளே, 'வைத்தல்' என்று பொருள்படும் 'தா' என்னும் வேர் உள்ளது. 'டூம்' என்பதன் வேரும் அதுவே என்பது மொழியறிஞர் முடிபு. ஆக, கடல் கடந்த இவ்விரு சொற்களும் ஒரே தாய்வயிற்றில் பிறந்தவை. இரண்டும் நடந்த பாதையும் ஒன்றே. சாலை விதி, இலக்கண விதி, விதிமுறை என்னும்போது அது சட்டம். தலைவிதி, விதியின் கொடுமை என்னும்போது அது மனிதனை நசுக்கும் குருட்டு ஆற்றல்.

ஆனால் தமிழ் ஒரு நன்மை செய்துள்ளது. 'விதித்தல்' என்னும் வினைச்சொல்லை அது காத்து வைத்துள்ளது. அபராதம் விதித்தார், தடை விதித்தார் என்கிறோம். விதித்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதை வினைச்சொல் நினைவூட்டுகிறது, பெயர்ச்சொல் மறைத்துவிடுகிறது. இதற்கும் மேலாக, நம் முன்னோரின் விசுவாசப் பிரமாணத்தில் இயேசு 'நடுத்தீர்க்க' வருவார் என்றிருந்தது. நடுவில் நின்று தீர்ப்பதே நடுத்தீர்த்தல். திருக்குறளில் ஊழுக்கு ஓர் அதிகாரம் உண்டு. நடுவுநிலைமைக்கும் ஓர் அதிகாரம் உண்டு. இயேசுவின் வருகையைக் கூற நம் மூதாதையர் ஊழின் சொல்லைக் கொள்ளவில்லை. நடுவுநிலைமையின் சொல்லையே கொண்டனர். எத்துணை நுண்ணறிவு!

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. துயர் நேரும் வீடுகளில் நாம் உரைக்கும் சொல்லில் அது வெளிப்படுகிறது. 2004ஆம் ஆண்டை நினைவுகூர்வோம். சூலை 16ஆம் நாள் கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் கூரையில் பற்றிய தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். அதே ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கடற்கரைகளைச் சூறையாடியது. வேளாங்கண்ணியில் திருப்பயணிகளும் அதற்கு இரையாயினர். இத்தகைய நேரங்களில் நம் நாவில் எளிதில் எழும் சொற்கள் இரண்டு: ஒன்று, விதி, மற்றொன்று, கடவுளின் தண்டனை.

இயேசுவின் முன்னும் இத்தகைய இரு செய்திகள் இருந்தன என்பதை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரம் கூறுகிறது. பிலாத்து கலிலேயர் சிலரைக் கொன்றான். இது மனிதர் இழைத்த கொடுமை. சீலோவாமில் கோபுரம் இடிந்து பதினெட்டுப் பேர் மாண்டனர், இது விபத்து. மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரும் பாவிகள் என்னும் எண்ணத்தை இயேசு இரண்டிலும் மறுத்தார். விதி என்று சொல்லிப் பேச்சை முடிக்கவும் இல்லை. கேட்டவர்களை மனம் மாற அழைத்தார். மாண்டவர்மீது தீர்ப்பிட வந்தவர்களைத் தங்கள்மீதே தீர்ப்பிடச் செய்தார்.

கூரைக்கு ஓலை வேய்ந்தவரும், ஆய்வு செய்யாமலே அனுமதி தந்தவரும், வழியை அடைத்தவரும் உள்ள இடத்தில் விதி என்னும் சொல் குற்றவாளிக்குக் குடைபிடிக்கிறது. கும்பகோணம் வழக்கில் 2014இல் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்றது. அத்தீர்ப்பு போதுமா என்பது வேறு கேள்வி. அந்தச் சாவுகள் விதியல்ல என்பதையாவது அது உறுதி செய்தது. கடல் பொங்கிய இடத்திலோ தண்டனை என்னும் சொல் பிள்ளையை இழந்த தாயின்மீது இன்னொரு பாரத்தை ஏற்றுகிறது. முன்னது நீதியைக் கொல்கிறது. பின்னது இரக்கத்தைக் கொல்கிறது. கிறிஸ்தவருக்கு இரண்டு சொல்லும் ஆகாதவை.

நம்பிக்கையின் நாள்

2007இல் திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் எதிர்நோக்கைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், இறுதித் தீர்ப்பின் காட்சி முதன்மையாக அச்சத்தின் காட்சியன்று, எதிர்நோக்கின் காட்சியே என்று கற்பித்தார். இதனைப் புரிந்துகொள்ள, நாம் சற்றே இடம் மாறி நிற்கவேண்டும். தன் வழக்குக்கு இவ்வுலகில் நீதிமன்றம் கிடைக்காதவரின் இடத்தில் நிற்கவேண்டும். கூலி மறுக்கப்பட்டவர், பொய் வழக்கில் சிறைப்பட்டவர், கேட்பாரற்றுப் புதைக்கப்பட்டவர் ஆகியோருக்குத் தீர்ப்பு நாள் இல்லையென்று சொல்வதே பேரிடியாகும். கொன்றவனும் கொல்லப்பட்டவனும் ஒரே மண்ணில் மட்கிப்போவதே முடிவென்றால், அதுதான் அழிவு. ஆண்டவர் வருவார் என்பதோ நற்செய்தி.

நமக்கு அச்சம் வேண்டாமா? வேண்டும். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கேட்கும் கேள்விகள் நம்மையும் நோக்கியவை. பசித்தவர், தாகமுற்றவர், அன்னியர், ஆடையற்றவர், நோயாளி, சிறையிலிருப்பவர் ஆகியோரை நாம் எவ்வாறு நடத்தினோம் என்பதே அங்கு வழக்கு. ஆனால் அந்த அச்சம், அன்புள்ள தந்தையின் முகத்தை நோக்கும் மகனின் அச்சம்; இருட்டில் நடுங்குபவனின் அச்சமன்று. கேள்விகள் முன்னரே அறிவிக்கப்பட்ட தேர்வு அது. விடை எழுத இன்றைய நாளும் நமக்குத் தரப்பட்டுள்ளது.

நவம்பர் மாதத்தில் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். இறந்தோருக்காகச் செபிக்கிறோம். எல்லாம் விதியென்றால் இச்செபத்துக்குப் பொருளே இல்லை. விதி யாருடைய மன்றாட்டையும் கேட்பதில்லை. கேட்பவர் ஒருவர் இருக்கிறார் என்பதாலேயே வேண்டுகிறோம். ஆகவே, துயருற்றோர் இல்லத்துக்குச் செல்லும்போது 'விதி' என்னும் சொல்லை வாசலிலேயே விட்டுச் செல்வோம். சொல்ல வேறு சொல் கிடைக்காவிடில் மௌனமாய் அருகில் அமர்வோம். அநீதியால் வந்த துயரெனில், நடுத்தீர்க்க வருபவரின் பெயரால் இங்கேயே நீதி கேட்போம். வென்ஹாஸ்டன் பலகையில் வெறுமையாய்க் கிடக்கும் அந்தச் சிலுவையின் இடத்தை ஓர் ஓவியர் நிரப்ப இயலாது. நம் சொற்களில் வெறுமையாய்க் கிடக்கும் அதே இடத்தை நாம் நிரப்பலாம்.